சேர்க்கை எண் ஒன்று

எங்கள் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதியவள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, வேறு யாரும் இன்றுவரை எழுதாததால் சொல்கிறேன். எழுதியபோது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் மொத்தமே ஆறு பேர். அந்த ஆறு பேரில், கோட்டுக்கு மேலும் போகாமல் கீழும் இறங்காமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் நாற்பதாவது ஆண்டு விழாவுக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதி மேடையில் படிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அது எனக்கு வராமல் வேறு யாருக்கு வந்திருக்க முடியும் என்றுதான் அன்று நினைத்தேன். என்னைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் பிறகு எந்த வயதிலும் எனக்கு இருந்ததில்லை.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தெற்கே வாய்க்கால் கரையோடு வந்தால் எங்கள் ஊர். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் பள்ளிக்கூடம். ஓடு போட்ட ஒரே கூடம். சுவர் எதுவும் நடுவில் இல்லை. தெற்குப் பக்கம் ஒன்று முதல் மூன்று வரை சின்ன டீச்சர், வடக்குப் பக்கம் நான்கும் ஐந்தும் பெரிய டீச்சர். அந்தப் பக்கம் குழந்தைகள் உயிரெழுத்து சொல்லிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கம் எங்கள் பெருக்கல் கணக்கின் நடுவில் ஓர் ‘ஔ’ வந்து விழும். அதோடு சேர்த்துத்தான் விடை கண்டுபிடிக்க வேண்டும்.

பள்ளியைத் தொடங்கியவர் என் தாத்தா. நான் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் டீச்சர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. தாளாளர் என்ற முறையில் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். அப்பா மஸ்கட்டில் வேலையில் இருந்தார். அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டோடு இருந்தோம். வீட்டில் எல்லா முடிவும் பெரியப்பாவுடையது. அம்மாவுக்கு முடிவுகள் இருந்தனவா என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த வருடம் ஊருக்குள் ஒரு மஞ்சள் வேன் வரத் தொடங்கியிருந்தது. டவுனில் புதிதாகத் திறந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தின் வேன் அது. காலையில் கோயில் முனையில் நின்று ஹாரன் அடிக்கும். டை கட்டிய பிள்ளைகள் ஏறிப் போவார்கள். எங்கள் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பிலும் இடம் காலியாகிக்கொண்டே வந்தது. பெரியப்பாவின் மகனும் அந்த வேனில்தான் போனான். தாளாளர் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையாவது நம் பள்ளியில் படிக்காவிட்டால் ஊர் என்ன பேசும் என்று வீட்டில் யோசித்தார்கள். அந்த ஒரு பிள்ளையாக நான் இருந்தேன். மிச்சமிருந்த மாணவர்களில் பெரும்பாலோர் காலனிப் பிள்ளைகள்.

பிள்ளைகள் இன்னும் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. அதனால்தான் பெரியப்பா நாற்பதாவது ஆண்டு விழாவைப் பெரிதாக நடத்த நினைத்தார். தஞ்சாவூரிலிருந்து கல்வி அதிகாரியைத் தலைமைக்கு அழைத்தார். பந்தல், மைக் செட், நாதஸ்வரம் எல்லாம் ஏற்பாடாயிற்று. இந்தப் பள்ளி எப்படித் தோன்றியது, இந்தக் குடும்பம் அதற்கு என்ன செய்தது என்று அதிகாரியின் காதில் விழ வேண்டும். சின்னப் பெண் வாயால் கேட்டால் இன்னும் நன்றாக விழும்.

வரலாறு எழுத என்ன செய்ய வேண்டும் என்று பெரிய டீச்சரிடம் கேட்டேன்.

“தெரிஞ்சவங்களப் போயி கேளு. கேட்டத எழுது. எழுதினது சரியான்னு பாரு” என்றார்.

முதலில் பெரியப்பாவைக் கேட்டேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஊரில் ஒருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாத காலத்தில், எங்கள் தாத்தா தன் களத்துமேட்டில் பாதியைப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார். மேல் ஜாதி, கீழ் ஜாதி, இந்து, கிறிஸ்தவர் என்று பாராமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தார். முதல் நாளே கூடம் கொள்ளாத கூட்டம். அரசாங்கத்திலிருந்து வந்து பார்த்தவர் அசந்துபோய் அங்கேயே அங்கீகாரம் கொடுத்துவிட்டுப் போனார். இதை நான் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். தாத்தா பெயருக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

அடுத்து, எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும். எதை வைத்துப் பார்ப்பது என்று மறுபடியும் பெரிய டீச்சரிடம் போனேன். அவர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, மூலையில் இருந்த மர அலமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய நோட்டை இறக்கினார். துணி அட்டை போட்ட சேர்க்கைப் பதிவேடு. கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது, எழுத்துகளைத் தொடவில்லை.

“கைய துடச்சிட்டுப் பொரட்டு” என்றார்.

முதல் பக்கத்தில் முதல் வரி. சேர்க்கை எண் ஒன்று. பெயர்: காத்தாயி. தகப்பனார் பெயர்: சாமிக்கண்ணு.

எனக்குக் காத்தாயியைத் தெரியும். எங்கள் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் பெண்களுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். அம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்; பேரப்பிள்ளைகள் இருவர் எங்கள் பள்ளியில் படித்தார்கள். ஆனாலும் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அது தவறென்று யாரும் சொல்லாததால் எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் எண்ணிலிருந்து பதினாறாம் எண் வரை பார்த்தேன். எல்லாமே காலனிப் பெயர்கள். அதைவிடப் பெரிய அதிசயம் பிறந்த தேதியில் இருந்தது. பதினாறு பேரும் ஜூன் மாதம் ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள். வருடம் மட்டும் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தது. ஒரே தெருவில் ஒரே தேதியில் பதினாறு குழந்தைகள் பிறந்த ஊர் உலகத்தில் வேறெங்கும் இருக்காது என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரியப்பா இதைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே என்று வருத்தமாகக்கூட இருந்தது. உடனே குறித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே காத்தாயியைத் தேடிப் போனேன். மாசி மாதம். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்து காய்த்து முற்றியிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்று கையில் நோட்டும் பென்சிலுமாகக் கூப்பிட்டேன்.

“காத்தாயி, நீதான் நம்ம பள்ளிக்கூடத்துல மொத மாணவி. ஒனக்குத் தெரியுமா?”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். காத்தாயியும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

“நானா? நான் எங்க பாப்பா பள்ளிக்கூடம் போனேன்? தரை மொழுவத்தான் போயிருக்கேன்.”

“போயிருக்க. ஒம்பேரு எழுதியிருக்கு. ஒங்கப்பா பேரு சாமிக்கண்ணுதானே?”

அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. கையிலிருந்த செடிகளைக் கீழே வைத்துவிட்டு வரப்பருகே வந்தார். பிறகு, எங்கிருந்தோ இழுத்து எடுப்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

“ஒரு நாளு எங்க எல்லாரையும் கூட்டியாந்து வரிசையா உக்கார வச்சாங்க பாப்பா. ஒங்க தாத்தா தலைக்கு ஒரு உருண்ட வெல்லம் குடுத்தாரு. கால்சட்ட போட்ட ஒருத்தரு வந்தாரு, எண்ணிப் பாத்தாரு, போயிட்டாரு. மறுநாளு வெல்லம் கெடைக்கும்னு நாங்களா ஓடியாந்தோம். ஆடு மாட்ட யாரு பாக்குறது, போங்கன்னு வெரட்டிட்டாங்க. அவ்வளவுதான்.”

நான் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டேன். ‘முதல் நாளிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் வெல்லம் வழங்கப்பட்டது’ என்ற வாக்கியம் வரலாற்றுக்குப் பொருத்தமாக இருந்தது. ஆடு மாடு விஷயம் பொருத்தமாக இல்லை. தவிரவும், ஒரு நாள் வந்தாலும் மாணவி மாணவிதான் என்று அவருக்கு விளக்கினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“பாப்பா, பேரு மட்டுந்தான் எழுதியிருக்கா?”

“அப்பா பேரு, ஊரு, பொறந்த தேதி எல்லாம் இருக்கு.”

“பொறந்த தேதியுமா?”

“ஜூன் ஒண்ணு. வருஷத்தோட இருக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“யாரும் அழிச்சிர மாட்டாங்களே?”

“மையில எழுதுனது. அழியாது” என்றேன். எங்கள் பள்ளியின் வரலாற்றில் அவருக்கு இவ்வளவு அக்கறை இருப்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மற்றவர்கள் எல்லாம் ரெண்டு கேள்வியிலேயே அலுத்துக்கொண்டார்கள்.

“விழாவுல இத நீ சத்தமாப் படிப்பியா?”

“மைக்குல படிப்பேன்.”

“படி பாப்பா” என்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே, “அதுவரைக்கும் பெரியய்யாகிட்ட எம்பேச்ச எடுக்காத. மேடையில மொதமொத கேட்டாத்தான் அவருக்கு நல்லாருக்கும்” என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நன்றாக எழுதினேன். நாலு பக்கம் வந்தது. அம்மா அடுப்படியில் நின்றபடியே முழுவதையும் படித்தார். ‘ஜூன் ஒன்று’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, “டீச்சர்கிட்ட காட்டு” என்று மட்டும் சொன்னார். பெரிய டீச்சர் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினார். வேறு எதையும் தொடவில்லை. பெரியப்பாவிடம் படித்துக் காட்டப் போனபோது அவர் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தைக் கேட்டார். முகம் மலர்ந்தது. “போதும், பிரமாதம். மிச்சத்த மேடையில கேட்டுக்கறேன்” என்றார்.

விழா அன்று ஊரே வந்திருந்தது. முன்வரிசை நாற்காலிகளில் ஊர்க்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் பெஞ்சு. அதற்கும் பின்னால், பந்தல் முடிந்த இடத்தில், காலனிக்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கல்வி அதிகாரி கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். என் பெயரைச் சொன்னதும் மேடைக்குப் போனேன். மைக் எனக்கு உயரமாக இருந்ததால் சின்ன டீச்சர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். ஏறி நின்றதும் எல்லோருடைய தலையும் எனக்குக் கீழே தெரிந்தது. எனக்குக் கொஞ்சமும் பயமில்லை.

முதல் பக்கம் முடிந்ததும் கைதட்டினார்கள். பெரியப்பா அதிகாரியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்ல, அவர் தலையாட்டினார். இரண்டாம் பக்கத்தில் வெல்லம் வந்தது. பின்னாலிருந்து வயசான ஆண்கள் சிலர் பலமாகச் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காக எழுதவில்லையே என்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தேன்.

“நமது பள்ளியின் முதல் பதினாறு மாணவர்களும் ஜூன் மாதம் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். பெரியப்பாவின் முதுகு நாற்காலியில் ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். மற்றபடி சத்தமே இல்லை. ஆச்சரியத்தில் எல்லோரும் வாயடைத்துப்போய்விட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். இதற்கே இப்படி என்றால் அடுத்ததற்கு என்ன செய்வார்கள் என்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

“சேர்க்கை எண் ஒன்று, முதல் மாணவி, இன்றும் நம் ஊரில்தான் இருக்கிறார். காத்தாயி அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.”

‘அவர்களை’ என்று நான் அவருக்கு மரியாதை கொடுத்தது அதுதான் முதல் தடவை. மைக்கில் பேசும்போது அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

காத்தாயி எழுந்தார். அழைப்பார்கள் என்று தெரிந்தவர்போலத் தயாராக இருந்தார். துவைத்து மடித்த ஊதாப் புடவை. தலையை எண்ணெய் வைத்து இழுத்து முடிந்திருந்தார். பெஞ்சுகளைத் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவே வந்து, செருப்பைக் கீழே விட்டுவிட்டு மேடை ஏறினார். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அதிகாரிதான் எழுந்து, தனக்குப் போட்ட துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா” என்றார். நான் ஸ்டூலை விட்டு இறங்கி நின்றேன்.

காத்தாயி மைக்கை ஒரு தடவை பார்த்தார். வயலில் வரிசை கடைசியில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல்; மைக் அவருக்குத் தேவைப்படவில்லை.

“எம்பேரு இந்தப் பள்ளிக்கூடத்து நோட்டுல இருக்குதுன்னு பாப்பா சொல்லிச்சு. எனக்கு ரொம்ப சந்தோசமுங்க. எனக்குத் துண்டு வேணாம். பேரு இருக்குதுல்ல, பொறந்த தேதி இருக்குதுல்ல, அத ஒரு தாள்ல எழுதி, சீலு வச்சி, சர்டிபிகேட்டு குடுத்தீங்கன்னா போதும்.”

சொல்லிவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்து, “குடுப்பீங்களா ஐயா?” என்றார்.

பந்தல் முழுவதும் பெரியப்பாவைப் பார்த்தது. அதிகாரியும் பார்த்தார். பிறகு அதிகாரி, சாதாரணமாக, “பதிவேட்டுல இருந்தா குடுத்துற வேண்டியதுதானே சார்? பதிவு சரிதானே?” என்று கேட்டார்.

சரியில்லை என்று பெரியப்பா சொல்லியிருந்தால், நாற்பது வருடம் முன்பு தாத்தா எண்ணிக் காட்டிய பிள்ளைகளும், அதை வைத்து வந்த அங்கீகாரமும், அன்று போட்ட பந்தலும் சேர்ந்து ஆட்டம் கண்டிருக்கும். இதெல்லாம் பிறகு புரிந்துகொண்டது. அன்று நான் பார்த்ததெல்லாம், பெரியப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “சரிதாங்க. குடுத்துடலாம்” என்றதுதான்.

பின்னாலிருந்து எழுந்த கைதட்டல் முன்வரிசைக்குப் பரவ நேரமாயிற்று. ஆனால் பரவியது. அது என் கட்டுரைக்கு என்று நினைத்து நான் இரண்டு பக்கமும் கும்பிட்டேன்.

வீட்டில் ஒரு வாரம் பெரியப்பா என்னோடு பேசவில்லை. என்ன தவறு செய்தேன் என்று அம்மாவிடம் கேட்டேன். “ஒண்ணும் தப்பில்ல” என்றார் அம்மா. பிறகு விஷயத்தைச் சொன்னார். இரண்டு வருடமாக மேட்டூரில் தண்ணீர் சரியாகத் திறக்கவில்லை. குறுவை இல்லாமல் நடவுப் பெண்களுக்கு வேலை நாட்கள் பாதியாகிவிட்டன. காத்தாயி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதிக்கு ஓர் அத்தாட்சி வேண்டுமென்று தஞ்சாவூர் ஏஜென்ட் கேட்டிருந்தார். எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரர்களுக்கு மாதா கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருந்தது. அப்பா அதை வைத்துத்தான் போனார். காத்தாயிக்கு எங்கேயும் எதுவும் இல்லை. பெரியப்பாவிடம் ஒரு கடிதம் கேட்டு மூன்று தடவை வந்திருக்கிறார். ‘எல்லாரும் வெளிநாடு போயிட்டா வயல்ல யாரு எறங்குறது’ என்று பெரியப்பா தட்டிக்கழித்துவிட்டார்.

“அப்ப நீங்க படிச்சுப் பாத்தப்பவே தெரியுமா?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“பிழை இருக்கான்னு பாத்தேன். இல்ல” என்றார்.

மறு திங்கட்கிழமை காத்தாயி பள்ளிக்கு வந்தார். நாங்கள் ஐந்தாம் வகுப்பு ஆறு பேரும் கணக்கை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தோம். பெரிய டீச்சர் பதிவேட்டை விரித்து, சான்றிதழ் புத்தகத்தில் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் தயங்கி, பதிவேட்டில் இருந்ததை அப்படியே படித்தார்.

“பள்ளியை விட்டு நீங்கிய காரணம்: வெளியூர் சென்றார்.”

ஒரு நாள்கூட ஊரைவிட்டு வெளியே தங்கியிராத காத்தாயி இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“எந்த ஊருக்குப் போனேனாம் டீச்சர்?”

“அது போடல.”

“பரவால்ல, எழுதுங்க. இப்பப் போறேன்ல” என்றார்.

கையெழுத்துப் போட வந்திருந்த பெரியப்பா பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும் முன் தலை நிமிராமல், “நடவுக்கு யாரு வருவா காத்தாயி?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கவலையோடு கேட்டார்.

“மொதல்ல தண்ணி வரட்டுங்க ஐயா” என்றார் காத்தாயி.

பெரியப்பா போட்டார். சீல் வைத்தார். அந்த மாதத்திலேயே பதினாறு பேரில் மேலும் மூன்று பேர் வந்தார்கள், அவர்களுக்கும் போட்டார். போடப்போட அவருக்கே அது பிடித்துப்போய்விட்டதோ என்னவோ, இரண்டு வருடம் கழித்துப் புதிதாக வந்த அதிகாரியிடம், “நம்ம பள்ளிக்கூடத்து மொத மாணவி இப்ப குவைத்துல இருக்காங்க” என்று சொன்னதை நானே கேட்டேன். காத்தாயியை அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அப்போதுதான். அதற்குள் காத்தாயியின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் டை கட்டி மஞ்சள் வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளியில் மேலும் இரண்டு இடம் காலி. மூடுவார்கள், மூடுவார்கள் என்று சொல்லிச் சொல்லியே பள்ளி இன்னும் ஒன்பது வருடம் ஓடியது. பிறகு மூடினார்கள். இவ்வளவுதான் அதன் வரலாறு.

ஆனால் என் மனதில் நிற்பது விழாவோ சான்றிதழோ அல்ல. சான்றிதழ் கிடைத்த மறுவாரம் காத்தாயி எங்கள் வீட்டுக்கு வந்தார். பாஸ்போர்ட் பாரத்தை அம்மாதான் நிரப்பிக் கொடுத்தார். அப்பாவின் பாரங்களை நிரப்பி அம்மாவுக்கு அது பழக்கம். வழக்கமாகக் கொல்லைப்பக்கம் நிற்கும் காத்தாயியை அம்மா கூடத்துக்கு வரச்சொன்னார். மேசை அங்கேதான் இருந்தது. காத்தாயி நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டார். பெரியப்பா வீட்டில் இல்லை.

எல்லாக் கட்டமும் நிரம்பிக் கையெழுத்துக் கட்டம் வந்தது. அம்மா மை டப்பாவைத் திறந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. சேர்க்கை எண் ஒன்று, என்னால் மேடைக்கு அழைக்கப்பட்டவர், கைநாட்டு வைப்பதா? நான் இடையில் புகுந்தேன்.

“காத்தாயி, நான் சொல்லித் தரேன். நாலே எழுத்துதான். ஒரு கா, ஒரு த், ஒரு தா, ஒரு யி. நாளைக்குள்ள கத்துக்கலாம். அப்புறம் நீயே எழுதலாம்.”

அம்மா என்னைத் தடுக்கவில்லை. காத்தாயி என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுக்கும்போது பெரியவர்கள் குழந்தைகளிடம் சிரிக்கும் சிரிப்பு இல்லை அது. கட்டைவிரலை மையில் நன்றாக அழுத்தி எடுத்தார்.

“எம்பேர யாரு வேணா எழுதலாம் பாப்பா. எழுதிட்டாங்க. இந்த வெரல நாந்தான் வைக்க முடியும்.”

கட்டத்துக்குள் வைத்தார். ஒரு கோடும் கலையாமல் தெளிவாக விழுந்தது. அம்மா அதன்மேல் மெதுவாக ஊதினார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. படிக்கச் சோம்பல்படுகிறார், அதை மறைக்கத்தான் இப்படிப் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் போனபிறகு அம்மாவிடம் அப்படியே சொன்னேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே எழுதத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லையே, அதுதான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் என்றும் சொன்னேன். அம்மா மை டப்பாவை மூடி வைத்தார். எழுதத் தெரிந்த நாங்கள் அவர்கள் பெயரையும் எங்கள் வசதிக்கு எழுதிக்கொண்டோம்; அந்த வித்தியாசத்தைத்தான் காத்தாயியும் சற்று முன் சொல்லிவிட்டுப் போயிருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது.